சங்கிலியின் சாவி யார் கையில்?



இந்த இதழின் பாடம் மனித உரிமை. அந்த வார்த்தையைப் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டிவிட்டு லோன் பற்றிய செய்தி எங்கே என்று தேடுபவர்கள் நம்மில் உண்டு. எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இது நம்ம ஊரைப் பற்றியது, நம் குழுவில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்காவைப் பற்றியது. படிக்கத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் சத்தமாக வாசித்துக் காட்டவும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், "அடிமை என்றால் யார்?" என்று கேட்டேன். ஒருவர், "கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போவாகளே, அவங்க" என்றார். இன்னொருவர், "பண்ணையில வேலைக்கு இருந்த எங்க தாத்தா" என்றார். "கல்யாணம் ஆன எல்லாரும்தான்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை பேசாமல் இருந்த ஒரு பாட்டி, "காலுல சங்கிலி கிடந்தா அடிமை, வேற என்ன?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. ஏர்வாடியில் காலில் சங்கிலி என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி, விடியற்காலை. நம் குழுக்களில் உள்ள இளம் பெண்கள் பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. ஆகவே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏர்வாடி தர்காவுக்கு எந்த மதம் என்று பார்க்காமல் எல்லா ஊரிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். மனநிலை சரியில்லாதவர்களை அழைத்து வந்து, தர்கா விளக்கு எண்ணெயும் தண்ணீரும் கொடுத்து, "கனவுல உத்தரவு வரட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருப்பது நெடுநாள் வழக்கம். வேலை வெட்டியை விட்டு எத்தனை மாதம் தங்க முடியும்? இந்த நெருக்கடியை வைத்துத்தான் சுற்றிலும் தனியார் விடுதிகள் முளைத்தன. இவை தர்கா நடத்தியவை கிடையாது. தனி ஆட்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்தினார்கள். வைத்தியர் கிடையாது, லைசென்ஸ் கிடையாது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இப்படி விடுதி நடத்தவே கூடாது. ஆனாலும் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது. ஓலைக் கொட்டகை, ஒவ்வொருவர் காலிலும் சங்கிலி, பூட்டு. சாவி நடத்துபவர் கையில்.

மொய்தீன் பாதுஷா மனநல விடுதி என்பது அவற்றில் ஒன்று. நாற்பது பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். பெரும்பாலோர் சங்கிலியில். அன்று விடியற்காலை கொட்டகை தீப்பிடித்தது. ஓலை எரிய எவ்வளவு நேரம் ஆகும் என்று கூரை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். கட்டு தளர்ந்திருந்த சிலர் தப்பினார்கள். அன்றைக்கே 25 பேர் இறந்தார்கள், ஆஸ்பத்திரியில் இறந்தவர்களையும் சேர்த்து 28 பேர். ஆணும் பெண்ணுமாக. உடலை அடையாளம் காண முடியவில்லை.

அவர்கள் தீயினால் செத்தார்கள் என்று பேப்பரில் எழுதினார்கள். தீ பிடித்தால் மனுசன் எழுந்து ஓடுவான். பைத்தியம் என்று நாம் சொல்கிறவரும் ஓடுவார். ஓட முடியாமல் அவர்களைப் பிடித்து வைத்தது சங்கிலி.

அதன் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஆகஸ்ட் 13ஆம் தேதி இப்படிப்பட்ட விடுதிகள் எல்லாம் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டோர் அரசுப் பராமரிப்புக்கு வந்தார்கள், அவர்களில் ஒரு பகுதியினரைச் சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். என்.ராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் யாரும் கேஸ் போடாமல் தானாகவே வழக்கை எடுத்தது. 2002 பிப்ரவரி 5ஆம் தேதி உத்தரவில், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது சட்ட விரோதம், இதை கிராமத்து மக்களுக்கு முக்கியமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும், நோயாளியை டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்ல வேண்டும் என்று மத்திய, மாநில அரசுகளுக்குச் சொன்னது. 2007இல் அந்த விடுதியின் உரிமையாளர், அவர் மனைவி, உறவினர் இருவர் என நான்கு பேருக்கு 7 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

கிராமத்து மக்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களில் எத்தனை பேர் காதுக்கு அது வந்து சேர்ந்தது? இந்தப் பாடம் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, இதற்கும் அடிமைத்தனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அடிமை என்றால் சம்பளம் இல்லாமல் வேலை வாங்கப்படுபவர் என்றுதான் நினைக்கிறோம். 1926இல் உலக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட அடிமை ஒழிப்பு ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்கிறது. ஆடு மாட்டை, நிலத்தைச் சொந்தம் கொண்டாடுவது போல ஒரு மனிதர் மீது இன்னொருவர் அதிகாரம் செலுத்தினால், அந்த நிலைதான் அடிமைத்தனம் என்கிறது. எங்கே உட்காருவது, எப்போது எழுவது, எப்போது ஒதுங்கப் போவது என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார். போக முடியாது. கேட்க ஆள் இல்லை. 1948 டிசம்பர் 10ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தில், யாரையும் அடிமையாக வைத்திருக்கக் கூடாது என்பது 4ஆவது. யாரையும் சித்திரவதை செய்யவோ, கொடுமையாக, இழிவாக நடத்தவோ கூடாது என்பது 5ஆவது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். பாட்டி சொன்னதும் அதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நம் தமிழ்நாட்டில் ஆளை எழுதி விற்றிருக்கிறார்கள். பஞ்சம் வந்த காலத்தில் பிள்ளைகளையும் தங்களையுமே விற்றிருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காடு, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து அப்படிப்பட்டவர்களைக் கப்பலில் ஏற்றி இலங்கைக்கும் ஜாவாவுக்கும் கொண்டுபோனார்கள். இது 1600களில். 1833இல் இங்கிலாந்து தன் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்தபோது, கம்பெனி ஆண்ட நம் பகுதிகளை அந்தச் சட்டத்தில் சேர்க்கவில்லை. 1843இல்தான் இங்கே தனியாக ஒரு சட்டம் வந்தது. "இவன் என் அடிமை" என்று யாரும் கோர்ட்டில் உரிமை கேட்க முடியாது என்று அது சொன்னது. 1860இல் வந்த தண்டனைச் சட்டம் ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது.

காகிதத்தில் விடுதலை வந்துவிட்டது. விடுதலையான ஆள் மறுநாள் காலையில் எங்கே போவான்? நிலம் இல்லை, வீட்டு மனை கூட பண்ணையாருடையது. அதே பண்ணைக்கே போனான். பெயர் மட்டும் அடிமை என்பது பண்ணையாள் என்று மாறியது. 1843க்குப் பிறகு 109 வருடம் கழித்து, 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள்களுக்கென்று தனியாகப் பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டமும் சும்மா வரவில்லை. சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகக் கீழத்தஞ்சையில் பண்ணையாள்கள் சங்கம் வைத்துப் போராடினார்கள், பெண்களும் கொடி பிடித்தார்கள். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அட்வான்ஸ் வாங்கியதற்காக ஒருவரை வேறு வேலைக்குப் போக விடாமல் பிடித்து வைத்தால் அது குற்றம், அந்தக் கடனும் அன்றோடு தீர்ந்தது, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்பது அந்தச் சட்டம். செங்கல் சூளைக்கும் ஆட்டுக் கிடைக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு முழிக்கும் குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. அதைப் பற்றி வேறொரு இதழில் விரிவாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: மீட்கப்பட்டவருக்கு மறுவாழ்வுப் பணம் என்று சட்டத்தைத் தொடர்ந்து திட்டங்கள் வந்தன. வெறும் கையோடு விட்டால் திரும்பவும் அதே சூளைக்குத்தான் போவார்கள் என்று பட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வந்தன.

ஏர்வாடியிலும் அதுதான் நடந்தது. 2001இல் விடுதிகளை மூடினார்கள், சரி. பலரை வீட்டார் வந்து கூட்டிப் போனார்கள். அந்த வீட்டில் முன்பு இருந்த அதே வறுமைதான் இருந்தது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பக்கத்தில் மனநல டாக்டர் இல்லை. அதனால் சங்கிலி கொட்டகையிலிருந்து வீட்டுக் கொல்லைக்கு இடம் மாறியது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு கொல்லையில் பார்த்தேன்.

எங்கள் பகுதிக் குழு ஒன்றில் ஒரு அக்கா. ஊர் பெயரும் அவர் பெயரும் வேண்டாம். கூட்டத்துக்கு வருவார், சேமிப்பைக் கட்டுவார், பாதியில் எழுந்து போய்விடுவார். சில வாரம் வரவே மாட்டார். குழு விதிப்படி வராதவர்களுக்கு 10 ரூபாய் அபராதம். தீர்மானப் புத்தகத்தில் அந்த அபராதத்தை நான்கு முறை என் கையாலேயே எழுதினேன். "ஒழுங்கா கூட்டத்துக்கு வராதவங்களுக்கு லோன் எப்படிக்கா குடுக்குறது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டும் இருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது முறை, ஒரு கையெழுத்து வாங்க வேண்டி வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பின்பக்கம் ஏதோ சத்தம். சுற்றிப் போய்ப் பார்த்தால் பூவரசு மரத்தடியில் ஒரு பெண், இருபத்து நான்கு இருபத்தைந்து வயசு இருக்கும். கணுக்காலில் துணி சுற்றி, அதன் மேல் சங்கிலி. துணி சுற்றியிருந்ததைக் கவனியுங்கள். புண் ஆகக் கூடாது என்று யாரோ பார்த்துச் சுற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் சொம்புத் தண்ணீர், மூடி வைத்த தட்டு. என்னைப் பார்த்ததும் அந்தப் பெண் சேலையை இழுத்துக் காலை மறைத்துக்கொண்டாள்.

அக்கா உப்பளத்து வேலை முடிந்து மதியம் வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பிறகு தாலிக்கயிற்றை வெளியே எடுத்தார். ஊக்கில் ஒரு சின்னச் சாவி தொங்கியது.

"கட்டாம விட்டா கடலுக்குள்ள இறங்கிர்றா தாயி. ஒரு தடவ வலைக்காரவுக தூக்கிட்டு வந்தாக. ராத்திரி எவன் கையில சிக்குவாளோன்னு வேற பயம். நான் வேலைக்குப் போகவா, இவளப் பாக்கவா? நீங்களே சொல்லுங்க."

நான் சமூகப் பணி படித்துப் பட்டம் வாங்கியவள். மனித உரிமை என்று ஒரு பேப்பரே இருந்தது, நல்ல மார்க்கு. அந்த நேரத்தில் அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தை கூட இல்லை. கையெழுத்து வாங்காமலே வந்துவிட்டேன்.

அந்தத் தாயும், கட்டணம் வாங்கிக்கொண்டு கட்டிப்போட்ட விடுதிக்காரரும் ஒன்றா? சங்கிலி போட்டிருக்கும் கால் அப்படிப் பிரித்துப் பார்க்காது. அந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒரே சங்கிலிதான். தீப்பிடித்தால் இரண்டு இடத்திலும் சாவு ஒன்றுதான். ஆனால் பூட்டைத் திறக்க நினைக்கும் நாம் பிரித்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒருவர் பணத்துக்காகக் கட்டினார், அவருக்குச் சட்டமும் சிறையும். மற்றவர் வேறு வழி தெரியாமல் கட்டினார். அவரைப் போலீசைக் காட்டிப் பயமுறுத்தினால் கொல்லையில் இருக்கும் சங்கிலி வீட்டுக்குள் போகும், கதவும் சாத்தப்படும். அவ்வளவுதான் நடக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். 1987ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 95ஆவது பிரிவு மனநோய் உள்ள யாரையும் எந்த வகையிலும், எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது. காப்பகத்தில் வற்புறுத்தி வேலை வாங்கக் கூடாது, அவராக வேலை செய்தால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். பதிவு இல்லாமல் மனநலக் காப்பகம் நடத்தினால் அபராதம். சட்டத்தை மீறுபவருக்கு முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவரைப் பராமரிக்க வேண்டியவரே கொடுமைப்படுத்துகிறார், கவனிக்காமல் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் போலீஸ் நிலையத்தில் சொல்லலாம். சொல்ல வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. போலீஸ் அதை மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போக வேண்டும். தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கக் கூடாது, அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நமக்கு மிகவும் உதவுகிற பிரிவு 18. சிகிச்சை பெறுவது உரிமை, தானம் கிடையாது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, அதற்கான கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை முழுக்க இலவசம்.

அப்புறம், மாத்திரை தின்றால் சரியாகுமா என்ற கேள்வி. எல்லாம் சரியாகும் என்று நான் சொல்ல மாட்டேன். காதில் குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பயம், தூக்கமின்மை, இதெல்லாம் மருந்தில் வெகுவாகக் குறையும். சர்க்கரை நோய்க்குப் போல நீண்ட நாள் எடுக்க வேண்டும். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு மாதம் ஒரு முறை போடும் ஊசியும் இருக்கிறது. ஏர்வாடித் தீ விபத்துக்குப் பிறகு நம் மாவட்டத்துக்கு மாவட்ட மனநலத் திட்டம் வந்தது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. தர்காவுக்கு வருபவர்களுக்காக மருந்தும் துஆவும் சேர்ந்து போகட்டும் என்று ஒரு திட்டமும் ஏர்வாடியில் உண்டு. வேண்டுதலை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வேண்டுதலுக்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

அந்த அக்கா கதைக்கு வருகிறேன். அவர் சம்மதத்தோடு விஷயத்தைக் குழுவில் வைத்தோம். முதல் கூட்டத்தில் நல்லபடியாகப் போகவில்லை. "இதெல்லாம் செய்வினை, ஆஸ்பத்திரியில என்ன பண்ணுவாக" என்றார் ஒருவர். "சங்கத்துல காசு விசயம் பேசுறத விட்டுட்டு" என்று முணுமுணுத்தார் இன்னொருவர். பிரதிநிதி ஒருவர் மட்டும், "திங்கள், வியாழன் எனக்கு வேல இல்ல. நான் போயி அந்தப் புள்ள கூட உக்காந்திருக்கேன். அன்னைக்காச்சும் அவுத்து விடட்டும்" என்றார். திட்டம் என்று ஏதாவது இருந்தது என்றால் அது அவ்வளவுதான். பிறகு இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். டாக்டரிடம் முதல் முறை கூட்டிப் போக ஆட்டோ வாடகை சங்கத்தின் சுழல்நிதியிலிருந்து வட்டியில்லாமல் கொடுத்தோம். பஸ்ஸில் கூட்டிப் போக அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

ஊசி ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் பகலில் சங்கிலி இல்லை. ஏழாவது மாதம் சந்தனக்கூடு நேரத்தில் வீடு நிறைய விருந்தாட்கள், ஊசி தவறிவிட்டது. திரும்பவும் கடலை நோக்கி ஓடினாள். இரண்டு இரவு சங்கிலி திரும்ப வந்தது. அக்காவே குழுவில் வந்து அழுதுகொண்டே சொன்னார். முன்பு மாதிரி மறைக்கவில்லை. மறுபடியும் ஊசி, மறுபடியும் முறை போட்டு உட்கார்ந்திருத்தல். இப்போது அந்தப் பெண் பனை ஓலைக் கொட்டான் முடைகிறாள், கொஞ்சம் கோணலாக வருகிறது, விற்கிறது. இரவில் கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும். சாவி இன்னும் அக்காவின் தாலிக்கயிற்றில்தான் இருக்கிறது. "கழட்டிப் போட்டுருங்கக்கா" என்றேன். "பயம் போகல தாயி" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் அந்தப் பெண்ணிடம், கட்டியிருந்தபோது எதை நினைத்துக்கொண்டிருப்பாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. "அந்தத் திட்டு வரைக்கும் போகலாமான்னு நெனைப்பேன்" என்றாள். இருபதடி தூரம் கூட இருக்காது.

உலகத்தில் நாம் மட்டும் இப்படி இருக்கிறோம் என்று நினைத்துத் தலை குனிய வேண்டாம். பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகரத்து பிசேத்ர் ஆஸ்பத்திரியில் மனநோயாளிகளைச் சுவரோடு சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். 1797இல் அதைக் கழற்றியவர் புஸ்ஸேன் என்ற மேற்பார்வையாளர். அவர் டாக்டர் இல்லை. அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்து குணமாகி வேலைக்குச் சேர்ந்தவர். அவர் மனைவி மார்கரித்தும் கூடவே நின்று வேலை செய்தார். குணமானவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், நோயாளியை அடிக்கக் கூடாது என்றார்கள். இன்னொரு பக்கம் இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே 1977இலேயே மனநோயாளியைக் கட்டி வைப்பதற்குத் தடை போட்டார்கள், இன்னும் நின்றபாடில்லை. சுமார் 60 நாடுகளில் மனநோயாளிகள் இப்படிக் கட்டி வைக்கப்படுவதாக 2020இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் அறிக்கை வெளியிட்டது. நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்தில் வழிபாட்டுத் தலம் ஒன்றில் சங்கிலியில் இருந்தவர்களைப் பற்றி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டி வந்தது. ஏர்வாடி நடந்து 17 வருடம் ஆன பிறகு.

உங்கள் ஊரில் இப்படி யாராவது இருந்தால் முதலில் அந்த வீட்டுக்குப் போங்கள், கூட்டமாகப் போகாமல் ஒருவரோ இருவரோ. குறை சொல்லப் போக வேண்டாம், "நாளைக்கு நான் பாத்துக்கிறேன், நீ வேலைக்குப் போயிட்டு வா" என்று சொல்லப் போங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் மனநல டாக்டர் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுச் சொல்வார். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. மனநோயும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. டாக்டர் சான்றிதழோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் உதவித் தொகைக்கும் மனுக் கொடுக்கலாம். இழுத்தடித்தால் மனு நீதி நாளில் கொடுங்கள். யாராவது பணம் வாங்கிக்கொண்டு கட்டி வைத்திருந்தால், அது எந்தப் பெயரில் நடந்தாலும், தயங்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் கூட்டமைப்பு பெயரில் எழுதிக் கொடுங்கள். இலவச சட்ட உதவிக்கு ராமநாதபுரம் கோர்ட்டு வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது, போன் எண் 15100.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள். நம் உறுப்பினர்களில் யாராவது அடிக்கடி பாதியில் எழுந்து போகிறார்களா? ஏன் என்று எப்போதாவது கேட்டோமா? நம் தெருவில் எந்த வீட்டுக் கொல்லைப் பக்கம் நாம் போவதே இல்லை? வாரத்தில் இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டில் போய் உட்கார நம்மில் யாரால் முடியும்? முடியாது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லலாம், தப்பில்லை.

மேலே சொன்ன குழுவில் அபராத விதியை மாற்றித் தீர்மானம் போட்டார்கள். உங்கள் குழுவுக்கும் உதவும் என்பதால் அதை அப்படியே தருகிறேன்: "கூட்டத்துக்கு வராத உறுப்பினரிடம் அபராதம் வாங்கும் முன் ஊக்குநரோ பிரதிநிதியோ அவர் வீட்டுக்கு நேரில் போய் விசாரிக்க வேண்டும். வீட்டில் நோயாளியைப் பார்ப்பதற்காக வராமல் இருந்தால் அபராதம் கிடையாது. இதற்கு முன் அந்த உறுப்பினரிடம் வாங்கிய 40 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பது என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது." அந்த 40 ரூபாயை என் கையால் கொடுத்தேன். அக்கா வாங்கி, அதை அந்த வாரச் சேமிப்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்.